மோட்டாரை நிறுத்தப் போனவரின் மகனுக்கு

துரை அவர்களுக்கு அம்மா எழுதுவது.

மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். லோ வோல்டேஜ். மாடியில் டேங்க் நிரம்ப வழக்கத்தைவிட நேரம் ஆகும். அதற்குள் இதை எழுதி உன் பெட்டி மேல் வைத்துவிட்டு, நான் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ மாடிக்குப் போய்விடுவாய், எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்து காதை நீட்டுவாள். சாயங்காலத்துக்குள் "அம்மாவுக்கும் புள்ளைக்கும் ஆகலையாமே" என்று செங்கல்பட்டு ஸ்டேஷன் வரைக்கும் செய்தி போய்விடும். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வீட்டுச் சமாசாரம் ஊரப்பாக்கத்தில் இருக்கிற அவள் சம்பந்திக்கே தெரியாதபோது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தச் சண்டையை அவளுக்கு ஓசியில் தர எனக்கு மனசில்லை.

நான் கோபமாக இருக்கிறேன். வழக்கமாகக் காலையில் வந்து காப்பியோடு இறங்கிவிடுகிற கோபம் இல்லை இது. நேற்று ஆடி அமாவாசைக்கு மாமல்லபுரம் கடற்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டாய். ஈர வேட்டியோடு கரைக்கு வந்து, "அம்மா, நான் போகலை" என்றாய். ஏதோ சுண்டல் வேண்டாம் என்கிற மாதிரி. அடுத்த வாரம் விமானம். விசா கையில். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் உனக்கு இடம் கொடுத்து, வந்து சேர் என்று காத்துக்கொண்டிருக்கிறது. நீ சொல்கிறாய்: "வருஷா வருஷம் அப்பாவுக்கு யாரும்மா தண்ணி விடுவாங்க? சிறுசேரில ஏதாவது கம்பெனில சேர்ந்துடறேன். ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்." பக்கத்தில் வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்ற உன் பெரியப்பா, "பாத்தியாம்மா, புள்ளைன்னா இவன் புள்ள" என்றார். எனக்கு அவரை அப்படியே பிடித்துக் கடலில் தள்ள வேண்டும் போலிருந்தது. அலைகூடத் தோதாக வந்தது. அவருக்கு நீச்சல் தெரியும், தள்ளிப் பிரயோசனமில்லை என்பதால் விட்டேன்.

அப்பா போன அந்தக் காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் நீ தெரிந்து வைத்திருப்பது தப்பு.

உங்கப்பா ஒரு தினுசான பிறவி. ஊரை ஒட்டி அவ்வளவு பெரிய ஏரியை வைத்துக்கொண்டு கோடையில் குடத்தோடு அலைகிற ஊர் இது. அதில் பிறந்து வளர்ந்ததாலோ என்னவோ, தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டால் அவருக்கு உயிர் போகும். மாடி டேங்க் நிரம்பி ஒரு சொட்டு கீழே விழக் கூடாது. தினமும் காலையில் எங்கிருந்தாலும், "மோட்டாரை நிறுத்து! டேங்க் வழியுது!" நீ மாடியிலிருந்து "ஒரு நிமிஷம்பா" என்பாய். நான் அடுப்படியிலிருந்து "கையில மாவு" என்பேன். அவர் நம் இரண்டு பேரையும் நம் குலத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தானே போய் நிறுத்துவார். நம் வீட்டுச் சுப்ரபாதம் அதுதான். உனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் அது நடந்தது.

அன்றைக்கும் நடந்தது. ஐப்பசி மழை வெளியே கொட்டுகிறது. வானமே வழிகிறது, அப்போதும் அவருக்கு டேங்க் வழியக் கூடாது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் கத்தினார். நீ ஒரு நிமிஷம் என்றாய். நான் மாவு என்றேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சுவிட்சுக்கு அவரே போனார். மோட்டார் நின்ற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் நம்மைத் திட்டுகிற சத்தம் வர வேண்டும் இல்லையா, அது வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது சுவிட்சுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி முகம் மழமழவென்று, பாதி முகம் வெள்ளையாக. அந்த நிலையிலும் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தார். இன்றுவரை சுவரில் மாட்டியிருக்கிற அவர் படத்தைப் பார்த்து நான் தினமும் கேட்பது இதுதான்: ஏன்யா, டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் என்ன? "மாத்திரை போட்டா பழக்கமாயிடும்." நடக்கச் சொன்னால், "பஸ்ல நின்னுக்கிட்டேதானே மாமல்லபுரம் போறேன், அது நடைக்குச் சமம்." ஓடாத மோட்டாருக்கு எண்ணெய் விடத் தெரிந்த மனுஷனுக்குத் தன் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு நீ இன்னும் கிட்டவே வரவில்லை, சந்தோஷப்படு.

அப்புறம் துக்கம் விசாரிக்க வந்த கூட்டம். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது, சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது வழக்கம். உன் பெரியம்மா அந்த வழக்கத்தை எவ்வளவு பக்தியாகக் காப்பாற்றினாள் என்றால், என் அடுக்கு டிபன் கேரியரையும் சொல்லிக்கொள்ளாமலே எடுத்துக்கொண்டு போனாள். போகட்டும். கருமாதிகூட முடியவில்லை, மொட்டைத் தலையோடு நீ மூலையில் உட்கார்ந்திருக்கிறாய், பெரியப்பா என்னிடம் குனிந்து, "வாரிசு வேலைக்கு எழுதிப் போட்டுடலாம்மா. பையனுக்கு சர்க்கார் உத்தியோகம் வந்துடும். அமெரிக்கா கிமெரிக்கால்லாம் இன்னாத்துக்கு?" என்றார். பணியில் இருக்கும்போது ஒருவர் போய்விட்டால் அவர் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவார்கள். அதுதான் வாரிசு வேலை. ஊரில் வந்தவர் போனவர் எல்லாரும் அதையே சொன்னார்கள். செத்தவரைப் பற்றிப் பேசியதைவிட அவர் நாற்காலியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

நீயோ, மேல்படிப்புக்கு ஜி.ஆர்.ஈ. பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரம். எதற்காகப் படிக்க வருகிறேன் என்று அவர்களுக்குப் பக்கம் பக்கமாக ஒரு கட்டுரை வேறு எழுதித் தர வேண்டுமாம். மொட்டைத் தலையோடு உன் கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கப் போனாய். உன் வாத்தியார் உன்னைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, "அப்பா செத்ததையே எழுதுப்பா. அங்க அதுதான் எடுபடும்" என்று உபதேசம் செய்து அனுப்பினார். நீயும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாய். நான் பி.ஏ. வரலாறு. என் இங்கிலீஷ் கொஞ்சம் நொண்டும், ஆனால் நடந்துவிடும். வாசித்தேன். அதில் உங்கப்பா படுக்கையில் கிடந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, "மகனே, உலகத்துக்குப் பயன்படப் படி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

நான் அன்றைக்குப் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். எதிர்வீட்டு டீச்சருக்கு நிச்சயமாக நினைவிருக்கும்.

"எந்தப் படுக்கைடா? எந்தக் கை? அந்த மனுஷன் கடைசியா சொன்னது 'மோட்டாரை நிறுத்து, டேங்க் வழியுது.' அதை எழுது!"

"அம்மா, அங்க இப்படித்தான் எழுதணும்."

"உங்கப்பா ஆயுசுல 'உலகம்'னு ஒரு வார்த்தை பேசியிருக்காராடா? வாட்டர் டாக்ஸுக்கு மேல பேசினது கிடையாது!"

நீ அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தாய். புத்தகங்களை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாய். "நான் அப்பா வேலைக்கே போறேன், போதுமா?" என்றாய். அந்த வருஷத்துக் கெடு எல்லாம் போனது. ஊரே உன்னைப் பொறுப்பான பிள்ளை என்றது. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கு இருபத்தொரு வயசு. அப்பா செத்தால் அழ வேண்டிய வயசு. நீ ஒரு சொட்டு அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்து பேப்பரில் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாய். அதற்குப் பெயர் பொறுப்பாம்.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாமல்லபுரம் பேரூராட்சியில் அப்பாவின் ஆபீசுக்கு நாம் மூன்று பேரும் போனோம்: நீ, நான், சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு பெரியப்பா. மேலாளர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "யார் பேருக்கும்மா எழுதறது?" என்றார்.

"பையன் பேருக்குத்தான். இது இன்னா கேள்வி?" என்றார் பெரியப்பா.

"என் பேருக்கு" என்றேன் நான்.

பெரியப்பா நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி திரும்பினார். "ஏம்மா, உனுக்கு புத்தி கித்தி பிசகிப்போச்சா? வூட்ல சிங்கம் மாதிரி புள்ள கீறான்."

"சிங்கத்தைக் கொண்டாந்து தபால் பிரிக்க வைக்கணுமா மாமா?"

"புருசன் போயி வருசம் திரும்பல. தெனிக்கும் பஸ் ஏறி போய்கினு வந்துகினு இருந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அந்த நாலு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும் மாமா. மூணு பேர் உங்க வீட்டுல இருக்காங்க. நாலாவது நான்தான்."

மேலாளர் அம்மா ஒரு ஃபைலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். குலுங்குவது தோளில் தெரிந்தது. நீ சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "அப்பா நாற்காலில நீ உக்காருவியா?" என்று கேட்டாய். அதில் இருந்த வெறுப்பை நான் மறக்க மாட்டேன். "காலியாத்தானே இருக்கு" என்றேன். அதற்கப்புறம் வெகுநாள் நீ என்னோடு பேசவில்லை. அமெரிக்காவுக்கு வழி விடுகிறாள் என்று உனக்குப் புரியவில்லை. ஏதோ உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதாக நினைத்தாய். ஏன் அப்படி நினைத்தாய் என்று நேற்றுவரை எனக்கும் புரியவில்லை.

வேலை வந்தது. நாற்பத்தாறு வயசில் உத்தியோகத்துக்குப் போன பொம்பளையாக, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற அதே பஸ்ஸில் ஏறினேன். முதல் நாளே கண்டக்டர், "இன்னாமா, சார் சீட்ல நீங்க குந்திக்கினீங்க?" என்றார். விஷயம் சொன்னேன். "சாரு ஏறினாலே படில நிக்காதன்னு கத்துவாரு. பஸ்ஸே அமைதியா கீது இப்போ" என்றார். மறுவாரம் நான் ஒரு கல்லூரிப் பையனைப் படியிலிருந்து உள்ளே இழுத்து விட்டு வாங்கு வாங்கென்று வாங்கியதும், "இல்லம்மா, சாருக்கு மேல கீறீங்க நீங்க" என்றார். ஆபீசில் என் பிரதாபம் அதைவிடப் பெரிசு. கம்ப்யூட்டர் மவுஸை மேசை விளிம்புவரை ஓட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெரிய மேசை கிடைக்குமா?" என்று கேட்டவள் நான். என் முந்தானையிலேயே தேதி முத்திரை குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான். சிரிக்கிறார்களே என்று ஒரு நாள்கூட நான் வெட்கப்படவில்லை. ராத்திரி படுக்கும்போது உங்கப்பாவிடம் சொல்லச் சமாசாரம் இருந்தது. அவர்தான் இல்லை.

அடுத்த வருஷம் நீயே பரணிலிருந்து மூட்டையை இறக்கினாய். மறைமலைநகர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக பிரவுசிங் சென்டர் போய் எழுதினாய். இந்தத் தடவை கட்டுரையில் அப்பாவுக்கு ஒரே வரிதான்: என் தந்தை இறந்ததால் விண்ணப்பிக்க ஒரு வருஷம் தாமதமாயிற்று. அதைப் படித்துவிட்டு நான் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு பக்கெட் வீண். அவர் மன்னிக்கட்டும்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். கடற்கரையில் நீ சொன்ன காரணம் பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். திரும்பும்போது பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிஜத்தைச் சொன்னாய். "அன்னைக்கு அந்த அமெரிக்கா ஃபாரத்தைத்தான்மா நிரப்பிக்கிட்டு இருந்தேன். அப்பா கூப்பிட்டார். ஒரு நிமிஷம்னு சொன்னேன். நான் இறங்கிப் போயிருந்தா..." அவ்வளவுதான் உன்னால் முடிந்தது. அந்த இடத்தில் ஒரு நல்ல தாய் பிள்ளையின் தலையை மடியில் சாய்த்திருப்பாள். நான் முன்சீட்டுக்காரரிடம் ஜன்னலை மூடச் சொல்லிச் சண்டை போட்டேன். எனக்கு அந்த நேரத்தில் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது, கிட்டே இருந்தது அவர்தான்.

ஆக, இத்தனை நாளாக இதைத்தான் வயிற்றுக்குள் வைத்திருந்தாயா? அந்தப் பொய்ப் படுக்கை, அந்தப் பொய்க் கை, எல்லாம் இதை மூடத்தானா? அப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்து கடன் தீர்க்கப் பார்த்தாயா? அதை நான் பிடுங்கியதால்தான் அந்த வெறுப்பா? ஏண்டா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊர்ச் சேதி அத்தனையும் எனக்கு வந்து சேர்கிறது, என் வீட்டு மாடியில் இருக்கிற சேதி வரவில்லை. எனக்கு இதைவிட அவமானம் வேறு கிடையாது.

கேட்டுக்கொள். சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே. நீ மாடியில் இருந்தாய், நான் அடுப்படியில். யாருக்குக் கிட்டே? எனக்குத்தான். நான் போனேனா? மாவைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? குற்றம் என்றால் ஒழுங்காகப் பங்கு போடு, மொத்தத்தையும் நீயே சுருட்டிக்கொள்ளாதே. பாதி எனக்கு. மீதியில் பெரும்பங்கு மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்த உங்கப்பாவுக்கு. டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீ கேட்கவே இல்லை, அன்றைக்கு நீ ஆஸ்பத்திரி வாசலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கேட்டேன். "இது பஸ் ஸ்டாண்டில் வந்திருக்கும், பஸ்ஸில் வந்திருக்கும், தூக்கத்தில் வந்திருக்கும்மா. வர்றதா இருந்தது" என்றார். நாலடி நடந்து ஒரு சுவிட்சை அமுக்குகிறதில் யாரும் சாகிறதில்லை. அவர் ஆயுசு முழுக்க அந்த நாலடியை நடந்தார்.

இப்போது என் கோபத்தின் அடிமட்டத்துக்கு வருகிறேன். உங்கப்பா சாவை நீ இரண்டு தடவை உபயோகப்படுத்திவிட்டாய். ஒரு தடவை இடம் வாங்க, இப்போது இடத்தை விட. இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மனுஷன் நெஞ்சு வலி வந்து செத்துப்போனார். அவ்வளவுதான். அது உனக்குச் சிபாரிசுக் கடிதமும் இல்லை, கைவிலங்கும் இல்லை. அதற்கு அழு. நன்றாக, மூக்கு ஒழுக அழு. இங்கே முடியாவிட்டால் அங்கே போய் அழு. அங்கே எதிர்வீட்டு டீச்சர் கிடையாது. ராத்திரி படிக்கும்போது அழுகை வந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதுவிட்டு, மறுபடி திற. இரண்டும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலைதான். நான் அதே மேசையில் தபாலும் பிரிக்கிறேன், அவர் கையெழுத்தைப் பழைய ஃபைலில் பார்த்தால் மூக்கையும் சிந்துகிறேன். இரண்டும் நடக்கிறது.

தண்ணி விட ஆள் இல்லையா? கடலில் நீ தண்ணி விடுவதைப் பார்த்தால் உங்கப்பா முதலில் என்ன சொல்லுவார் தெரியுமா? "ஏண்டா, கடல்ல ஏற்கெனவே நிறைய இருக்கே, ஏன் வீணாக்கறே?" அமாவாசைக்கு நானே ஆபீஸிலிருந்து நடந்து போய் விட்டுவிட்டு வருகிறேன். பொம்பளை விடக் கூடாது என்று பெரியப்பா சொல்வார். சொல்லட்டும். அன்றைக்கு அவர் எந்த அலைக்குக் கிட்டே நிற்கிறார் என்று நானும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கருமாதி முடிந்ததிலிருந்து நீ இந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு நாள்கூட "போயிட்டு வரேன்" என்று சொன்னதில்லை. கவனித்தாயா? செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ளாமல் போகிறாய், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி. நீ விருந்தாளி இல்லை. இது சாவு வீடும் இல்லை. நான் இதில் உயிரோடு இருக்கிறேன். அடுத்த வாரம் வாசல்படியில் நின்று, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் போனால் ஏர்போர்ட்டுக்கே செருப்போடு வருவேன்.

மாடியில் சத்தம் கேட்கிறது. டேங்க் வழிய ஆரம்பித்துவிட்டது. உன் கட்டில் கிரீச்சிடுகிறது, எழுந்து ஓடி வரப் பார்க்கிறாய், இந்த வீட்டில் இரண்டு வருஷமாக மோட்டார் சத்தத்துக்கு நீ எழுந்து ஓடுவதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடாதே. கொஞ்சம் வழிந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

நானே போய் நிறுத்துகிறேன். நீ பெட்டியைக் கட்டு.